பின்சுவர் தாண்டிய போசி

எங்கள் ஊரில் ஒருவன் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தாலும், "சாப்டாச்சுங்களா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்றுதான் சொல்வான். இதற்குப் பெயர் மரியாதையாம். கொங்குத் தமிழின் இனிமையைப் பற்றி யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த மரியாதையால் ஒரு மனிதர் சாகக் கிடந்ததைப் பார்த்தவள் நான். எனக்கு அது இனிக்காது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. கோயமுத்தூரில் மதக் கலவரம் மூண்டு ஊரடங்கு போட்டிருந்தார்கள். நாங்கள் அப்போது டவுன்ஹாலுக்குப் பின்னால், உக்கடம் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். முன்பக்கச் சந்து முழுக்க எங்கள் ஆட்கள். பின்பக்கம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். அதற்கு அந்தப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள். இரண்டு பக்கத்துத் துவைக்கிற கல்லிலிருந்தும் தண்ணீர் தெறித்துச் சண்டை வராமலிருக்க எப்போதோ யாரோ கட்டிய சுவர் அது. அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நானும் எங்களுக்கு நேர் பின்வீட்டு அக்காவும் பேசாத கதை கிடையாது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், என் மாமனார். மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் விசைத்தறி ரிப்பேர் செய்கிறவர். கலவரம் ஆரம்பித்த அன்று காலையில் சோமனூருக்கு ஒரு தறியைப் பார்க்கப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆக, நானும் மாமாவும் மட்டும்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் சங்கு ஊதின மாதிரி எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். காலையில் பல் துலக்கியதும் மாத்திரை. அரை மணி கழித்துச் சாப்பாடு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை சொல்லியிருந்தார்: மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், வேர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும், ஆளே போய்விடலாம். அப்படி ஆனால் யோசிக்காமல் வாயில் சர்க்கரையைப் போடு. இதற்காகவே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரை போட்டு அடுக்கில் தனியாக வைத்திருந்தேன். அந்த மனிதருக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவதுதான் அந்த நாட்களில் என் தலையாய வேலை. ஊர் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன.

முதல் நாள் எங்கள் சந்துக்கு ஊரடங்கு என்பது லீவு மாதிரிதான் இருந்தது. அங்கங்கே புகை தெரிந்தது. பயமும் இருந்தது. ஆனாலும் ஆம்பளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களே என்று பஜ்ஜி போட்டார்கள். கேரம் பலகையைத் தூசி தட்டினார்கள். எதிர்வீட்டில் கறிக்குழம்பு வாசம் வந்தது. ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டிய எண்ணெயை ஒரே சாயங்காலத்தில் தீர்த்த புத்திசாலிகள் எங்கள் சந்துக்காரர்கள். மாதக் கடைசி வேறு. மளிகைச் சாமான் எல்லார் வீட்டிலும் டப்பாவின் அடியைத் தொட்டிருந்தது.

அப்புறம் சந்து முனையில் கம்பித் தடுப்பு வந்தது. துப்பாக்கியோடு போலீஸ் வந்தது. பால் வண்டி வரவில்லை. கீரைக்காரி வரவில்லை. ரேஷன் கடைப் பூட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. துடியலூரைத் தாண்டினால் பஸ் ஓடுகிறதாம், டீக்கடை திறந்திருக்கிறதாம், கல்யாணம்கூட நடக்கிறதாம். எங்கள் சந்தில் மட்டும் ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு வழியில்லை. கோபிசெட்டிபாளையத்தில் என் அப்பா வீட்டில் நெல் மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, தேங்காய் கேட்பாரற்று விழுகிறது. அந்த வீட்டுப் பெண் நான் இங்கே நொய்யரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடுப்பாகுமா ஆகாதா?

ஒரு நாள் ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மளிகைக்கடையில் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தார்கள். குனிந்து கையை நீட்டினவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. நான் வரிசையில் நின்றேன், முறையாக. "நீங்க வாங்கிக்கங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல வாங்கிக்கங்க" என்று எனக்கு முன்னால் இரண்டு பேர் மரியாதை பண்ணிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டிலிருந்து நுழைந்தவர்கள் அரிசியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். என் முறை வந்தபோது கடையில் பெருங்காயமும் கல்லுப்பும் ஊதுபத்தியும் இருந்தன. பெருங்காயம் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அன்று எதிர்வீட்டுப் போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஓடிப்போய் எடுத்தால், சோமனூரில் அவர் தங்கியிருந்த வீட்டில் காலையில் இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்தார்களாம், தேங்காய்ப்பால் ரொம்ப நன்றாக இருந்ததாம். "நீங்க சாப்டீங்களா? அப்பா சாப்டாரா?" என்று கேட்டார். எனக்குப் பின்னாலேயே வந்து நின்ற மாமா, நான் வாயைத் திறக்கும் முன்னால் ரிசீவர் பக்கமாகக் குனிந்து, "இங்க ஒண்ணும் கொறையில்ல கண்ணு, எல்லாம் திருப்தியா சாப்டாச்சு" என்று கத்தினார். போனை அவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு போசி சுவர் மேலாகப் போய் வந்துகொண்டிருந்தது. கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம், எங்கள் பேச்சில் தூக்குப்போசி. அந்த அக்காவுடையது.

அந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு டவுன்ஹால் பக்கம் குடை, டார்ச் லைட் ரிப்பேர் செய்கிற சின்னக் கடை. கலவரத்தில் அது எரிந்துபோனது. அதிலிருந்து அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். வெளியே தலைகாட்டவில்லை. கடை எரிந்து நிற்கிற வீட்டிலிருந்து அந்த அக்கா எங்களுக்குப் போசியில் கோதுமை ரொட்டி அனுப்பினாள். "ஐயாவுக்கு சக்கரை வியாதியாச்சே, பட்டினி கெடக்கக் கூடாதுங்க அம்மணி. அவருக்குக் குடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

வாங்கியதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறதே! சாமான் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். பஞ்ச காலமோ பண்டிகை காலமோ, வழக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. நான் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி, பாதியைப் போசியில் போட்டுச் சுவர் மேல் வைத்தேன். மறுநாள் அந்த அக்கா என் சாதத்துக்குப் பதிலாக ரொட்டி போட்டுத் திருப்பினாள். நான் மீதியிருந்த பாசிப்பயறை வேகவைத்துப் போட்டேன். அவள் மறுபடி ரொட்டி. இப்படி இரண்டு வீட்டு டப்பாக்களையும் அந்தப் போசி துடைத்து வழித்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தியாவது, "இல்லீங்க, தீந்துபோச்சுங்க" என்று சொன்னாளா? மூச்.

அந்த ரொட்டியெல்லாம் மாமாவுக்குத்தான். நான் நொய்க்கஞ்சி குடித்துக்கொள்வேன். கஞ்சியில் பாதி தருகிறேன் என்றால், "எனக்கு எதுக்கு கண்ணு, அந்தம்மா குடுத்த ரொட்டியே தாராளம்" என்பார். ராத்திரிக்கு மட்டும் ஒரு டம்ளர் கஞ்சி வாங்கிக்கொள்வார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போசியோடு பின்பக்கம் போய்விடுவார். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து காற்றாடச் சாப்பிட்டால்தான் இறங்குகிறதாம். திரும்பி வரும்போது போசி கழுவித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். "ஆச்சு கண்ணு." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அக்காவும் கேட்பாள், "ஐயா, சாப்டீங்களா?" என்று. "ஆச்சுங்கம்மா, ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

ஒரு நாள், கஞ்சிக்கு வைத்திருந்த ஒரு பிடி நொய்யைத் தவிர, போசியில் போட என்னிடம் எதுவுமே இல்லை. "அப்படியே குடுத்துர்றேங்க மாமா, அந்த அக்கா தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றேன்.

"அதெப்படிக் கண்ணு? வெறும் போசியக் குடுத்தா நாளைக்கு எந்த மூஞ்சியோட நிக்கறது?" என்றார்.

அடுக்கைத் தடவினார். சர்க்கரை டப்பா கையில் பட்டது. நான் பாய்ந்து வந்தேன். "மாமா, அது உங்களுக்குங்க. டாக்டர் வெக்கச் சொன்னதுங்க."

"எனக்குத்தான் சக்கரையே ஆகாதே" என்று சிரித்தார். ஏதோ பெரிய நகைச்சுவை. டப்பாவை அப்படியே போசியில் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் தட்டிக் கொட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமனார் கையிலிருந்து பிடுங்குகிற மருமகளை எங்கள் பக்கம் இன்னும் பெற்றெடுக்கவில்லை. போசியை அவரே கொண்டுபோய்ச் சுவர் மேல் வைத்தார்.

மறுநாள் காலை. வழக்கம்போல மாத்திரை, அன்றைக்கு மட்டும் போசிக்குப் பதில் காகிதத்தில் சுற்றி வந்த ரொட்டி, வழக்கம்போலப் பின்பக்கம். நான் முறத்தில் நொய்யைப் புடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. சட்டைப் பொத்தானைப் போடப் பார்க்கிறார், பொத்தான் ஒரு பக்கம் இருக்கிறது, விரல் ஒரு பக்கம் போகிறது. "என்னங்க மாமா?" என்றேன். செத்துப்போன என் மாமியாரின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். "மில்லுக்கு நேரமாச்சு" என்றார். அப்படியே நிலையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் புரியவில்லை. சாப்பிட்டாரே! சாப்பிட்டவருக்கு எப்படி இறங்கும்? யோசிக்க நேரமில்லை. அடுக்குக்கு ஓடினேன். டப்பா காலி. வெல்லம் இல்லை, நாட்டுச்சர்க்கரை இல்லை. முதல் நாள் பஜ்ஜியோடு காப்பி போட்டுக் குடித்த ஊராயிற்றே! முன்கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஏனுங்க, கொஞ்சம் சக்கரை இருக்குதுங்களா? மாமாவுக்கு முடியலீங்க!" உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. ஜன்னலை அடைத்துவிட்டுப் பகலிலும் எரியவிட்டிருந்த விளக்கை அணைத்தார்கள். பயம். யாரோ ஆள் வைத்துக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். என் குரல் தெரியாதா அவர்களுக்கு? தினமும் கேட்கிற குரல்தானே! சந்து முனையிலிருந்து போலீஸ்காரர் லத்தியை நீட்டி, "உள்ள போம்மா" என்று அதட்டினார்.

பின்பக்கம் ஓடினேன். சுவர் மேல் ஏறாத குறையாக நின்று கத்தினேன். "அக்கா! எங்கூட்டுல ஒண்ணுமே இல்லீங்க! ஒரு பொட்டுச் சக்கரை இல்லீங்க! மாமா விழுந்துட்டாருங்க!"

அந்தச் சுவருக்கு மேலே இப்படி ஒரு பேச்சு அதற்கு முன் போனதே கிடையாது. அந்த அக்கா எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனாள், போசியோடு வந்தாள், துவைக்கிற கல்லில் கால் வைத்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் குதித்தாள். போசியைத் திறந்தால், மாமா கொட்டிய சர்க்கரை கொட்டினது கொட்டினபடி இருந்தது.

மாமாவுக்கு அரை நினைவு. அந்த அக்கா விரலில் சர்க்கரையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! அவர் தாடையைப் பிடித்து, நானே ஒரு பிடி சர்க்கரையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் திணித்தேன். மறுபடி திணித்தேன். மரியாதையாவது மண்ணாவது. கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் நிலைத்தது. என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு அழுவற?" என்றார். நான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

காற்று வரட்டும் என்று இரண்டு பேருமாக அவரைத் தாங்கிப் பின்பக்கம் கொண்டுவந்து கல்லில் உட்காரவைத்தோம். "காலைல ரொட்டி தின்னீங்களே மாமா, அப்புறம் எப்படிங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அக்கா எங்கள் வாழைமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

வாழையின் அடியில் மண் கிளறியிருந்தது. பூனை கிளறியிருக்க வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து ரொட்டி தெரிந்தது. அன்றைய ரொட்டி, முந்தைய நாள் ரொட்டி, அதற்கும் முந்தைய ரொட்டி. எறும்பு மொய்த்துக் கிடந்தது.

நான் எத்தனையோ தடவை கோபப்பட்டவள். அன்று வந்த கோபம் வேறு. நான் அங்கே கஞ்சித்தண்ணி குடிக்கிறேன். அந்த அக்கா கோதுமை மாவை வழித்து ரொட்டி சுடுகிறாள். அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கிக்கொண்டு, "ஆச்சுங்கம்மா, நல்லா இருந்துச்சுங்க" என்று ஒரு மனிதர் சொல்கிறார். "ஏனுங்க மாமா?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "முன்னாடி சந்துல சொன்னாங்க கண்ணு. அந்தப் பக்கத்துலருந்து வர்ற எதையும் வாயில வெக்காதீங்க, ஏதாச்சும் கலந்து குடுத்துருவாங்கன்னு. நான் நம்பல. சத்தியமா நம்பல. ஆனா வாய்க்கிட்டக் கொண்டுபோனா எறங்க மாட்டேங்குது. வேண்டாம்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேராச் சொல்லவும் முடியல."

நம்பவில்லையாம். நம்பாமலே புதைத்தாராம். அதைச் சொன்ன ஆட்கள்தான் சற்று முன்னால் விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். என்னால் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால், போசியைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவரேறிப் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எங்கூட்டுலயும் இதே கூத்துதானுங்கய்யா" என்றாள். "அம்மணி குடுத்த சாதத்தையும் பாசிப்பயறையும் எங்கூட்டுக்காரர் தொடவே இல்லீங்க. நான் மட்டுந்தான் தின்னேன். இந்தச் சக்கரையையும் தொட வுடலீங்க. தேத்தண்ணியில போடாதேன்னு கையப் புடிச்சுக்கிட்டாருங்க. அதனாலதான் இது மிச்சமிருக்குது."

நான் வாழைமரத்தைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பக்கத்துப் பயம்தான் இந்தப் பக்கத்து உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? யாரை அடிப்பது?

அந்த அக்கா உள்ளே போய் எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மீதிச் சர்க்கரையை அதில் போட்டு விரலாலேயே கலக்கினாள். மாமாவிடம் கொடுக்கப் போனவள், கொடுக்கவில்லை. அவருக்கு எதிரே நின்று, அவர் பார்க்க, டம்ளரை உதட்டில் வைத்து இரண்டு மிடறு குடித்தாள். விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள், மாத்திரை விழுங்கியதைக் குழந்தை காட்டுமே, அந்த மாதிரி. பிறகு டம்ளரை நீட்டினாள்.

"குடிங்கய்யா" என்றாள்.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினார். சொந்த வீட்டு டம்ளரானாலும் அண்ணாந்து குடிக்கிற மனிதர் அவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் உதட்டில் டம்ளர் பட்டு நான் பார்த்ததில்லை. அன்று அவள் உதடு வைத்த இடமாகத் திருப்பி, அங்கேயே தன் உதட்டை வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.